இவ்ராவை நான் கொன்ற மத்தியானம்

ஆறு கண்ணாடி கிளாஸில் சாயா, ஒரு தட்டு நிறையப் பழம்பொரி. எல்லாவற்றையும் ஒரே டிரேயில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் அண்ணன் மனைவி ஜன்னத் மதினி முன்னறைக்கு வந்தாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னறையில் மொத்தமே மூன்று நாற்காலிதான். அதில் களமசேரியிலிருந்து என்னோடு வந்திருந்த கல்லூரித் தோழிகள் நாலு பேர் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் வருஷம். வீட்டுக்குத் தோழிகளைக் கூட்டி வருவது அதுதான் முதல் தடவை. காலையிலேயே ஜன்னல் திரையை மாற்றி, அண்ணனின் லுங்கியைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்து, அம்மாவிடம் "அவங்க முன்னாடி சத்தமா ஏப்பம் விடாதீங்க" என்றுகூடச் சொல்லி வைத்திருந்தேன். அவ்வளவு பந்தா.

மதினி டிரேயை ஸ்டூலில் வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஷமி, கடைசிப் புத்தகம் வந்துருச்சாம்ல? வாசகசாலைச் சேட்டன் உங்கண்ணன்ட்ட சொன்னாராம். நீ படிச்சிட்டியா? இவ்ரா ஊருக்குப் போயிட்டாளா?"

"ஆரா இந்த இவ்ரா?" என்று ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள். இன்னொருத்திக்குப் பெயர் பிடிபட்டுவிட்டது. "அய்யே, ஆழிக்கோட்டையா? அது சின்னப் பிள்ளைகளுடெ புக்கல்லே!" நாலு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா அந்த வயசுச் சிரிப்பு. ஆனால் எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது.

"செத்துட்டா மதினி" என்றேன்.

மதினிக்குப் புரியவில்லை. "யாரு?"

"இவ்ராதான். கடைசிப் பக்கத்துல செத்துட்டா. கோட்டை இடிஞ்சு விழுந்துச்சு, அவளும் அதுக்குள்ளயே போயிட்டா. கதை முடிஞ்சுது. போதுமா?"

அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. அந்தப் புத்தகத்தை இரண்டு வாரம் முன்பே நான் படித்து முடித்திருந்தேன். இவ்ரா சாகவே இல்லை.

டாரிக் எந்த மஹல்லா?

இவ்ரா யார் என்று சொல்லாமல் அழுதுகொண்டிருந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். சொல்கிறேன்.

ஆழிக்கோட்டை என்பது ஐந்து பாகக் கதை. எங்கோ வெளிநாட்டில் எழுதியது, மலையாளத்தில் ஒவ்வொன்றாக வந்தது. கடலுக்கு நடுவில் ஒரு கோட்டை. அதைச் சுற்றி ஒரு கடல்நாகம் படுத்திருக்கும். கோட்டையின் நூறு மணிகளையும் சரியான வரிசையில் அடித்தால்தான் நாகம் தூங்கும், இல்லையென்றால் எழுந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அந்த வரிசை மணிகளின் மேலேயே பழைய எழுத்தில் எழுதியிருக்கும், படிக்கத்தான் ஆளில்லை. டாரிக் என்று ஒரு பையன், அலைமேல் நடக்கத் தெரிந்தவன், கதாநாயகன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயசு. டாரிக்மேல் எனக்கு எவ்வளவு பைத்தியம் என்றால், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் பேரையும் என் பேரையும் எழுதி, எழுத்துகளை அடித்து அடித்துப் பொருத்தம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அதை அம்மா பார்த்துவிட்டாள். அம்மாவின் முதல் கேள்வியே, "யாருடி இந்த டாரிக்? எந்த மஹல்லா?" எந்தப் பள்ளிவாசல் ஜமாத்துப் பையன் என்று கேட்கிறாள். கதைப் புத்தகத்துப் பையன் என்று நம்பவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறமும் பள்ளிவாசல் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணனிடம் விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இவ்ரா கதாநாயகி இல்லை. மலைநாட்டிலிருந்து கோட்டைக்குப் பணயமாகக் கொண்டுவரப்பட்ட பெண். மணிமேடையில் விளக்கேற்றுவது அவள் வேலை. கோட்டைக்காரர்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. முதல் பாகம் முழுக்க அவள் பேசுவது மொத்தம் மூன்று வரி. நான் அவளைக் கவனிக்கவே இல்லை. கவனித்தது மதினி.

சாம்பிள் சோறு

மதினி கம்பத்துக்காரி. இருபத்தொரு வயதில் எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஏறிப் பார்த்தால் மலை, இறங்கினால் திராட்சைத் தோட்டம் என்று வளர்ந்தவளுக்கு, எங்கள் ஊரில் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர். காற்றைப் பிழிந்தால் உப்பு வரும் போலிருக்கிறதே என்று வந்த முதல் வாரம் சொன்னாள்.

நாங்கள் ராவுத்தர்கள். இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ் பேசுவோம், வாசலைத் தாண்டினால் மலையாளம். அப்போது எனக்கோ அண்ணனுக்கோ தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. மதினிக்கு மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. பத்தாவது வரை தமிழில் படித்தவள், வரும்போது பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் எட்டுப் பத்துத் தமிழ்ப் புத்தகம் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டாள். அப்புறம் படிக்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் கேட்கிற ஒரே கேள்வி, விசேஷம் ஒன்றுமில்லையா என்பது. அது மட்டும் எந்த மொழியில் கேட்டாலும் அவளுக்குப் புரிந்தது.

அத்தா அரிசித் தரகர். கிட்டங்கிக்கு லோடு வந்தால், மூட்டையில் ஊசியைக் குத்தி ஒரு கை அரிசி எடுத்து, பழுப்புத் தாளில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். வீட்டில் அதை வடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். குழைகிறதா, விறைக்கிறதா, பழசும் புதுசும் கலந்திருக்கிறதா என்று. மதினி வந்த பிறகு அது அவள் வேலையானது. ஒரு பிடி வடித்து வாயில் போட்டதுமே, "மாமா, இதுல கலப்படம் இருக்கு" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து அம்மா கண்ணயர்ந்ததும், பின்கட்டில் சாம்பிள் கொதிக்கும். அதன் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு மதினி உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் ஆழிக்கோட்டையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஒருநாள், "என்னாடி அதுல அப்படி இருக்கு? தின்கிற மாதிரி பாக்குறே" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன்.

மலையாளத்தில் ஒரு பாரா படிப்பேன், தமிழில் சொல்வேன். மதினி சும்மா கேட்கிற ஆள் இல்லை. கேள்வி கேட்டே உயிரை எடுத்துவிடுவாள்.

"அந்தப் புள்ள இவ்ரா, அவ எங்க படுத்துக்குவா?"

"மணிமேடையில."

"குளிராதா? போர்வை குடுத்தாகளா?"

"குடுத்தாங்க" என்பேன். புத்தகத்தில் போர்வை பற்றி ஒன்றும் இருக்காது.

"அங்கிட்டு சோறு யாரு வடிப்பா?"

இதற்கு நான் திணறிப்போனேன். ஐந்து பாகத்திலும் யாரும் சோறு வடிக்கவில்லை. கத்தி எடுக்கிறார்கள், சாபம் விடுகிறார்கள், பசிக்கிறது என்று ஒருத்தனும் சொல்லவில்லை. "அவளே வடிச்சுக்குவா மதினி. கப்பையும் மீனும் வச்சுத் திம்பா" என்று அடித்துவிட்டேன்.

மதினி சமாதானமானாள். "கப்பைக் கிழங்கா? பாவம். பழகிக்கிட்டாபோல."

அப்படித்தான் ஆரம்பித்தது என் புளுகு. போர்வை கொடுத்தேன், கப்பை கொடுத்தேன், ஒரு பெருநாளுக்குப் புதுப் பாவாடைகூட எடுத்துக் கொடுத்தேன். மதினி சந்தோஷப்படுகிறாளே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

ஆனால் அவள் நாக்குக்குத் தப்புமா? மூன்றாம் பாகத்தில் ஒருநாள், கரண்டியை என் பக்கம் நீட்டி, "ஷமி, நீ நடுவுல கலப்படம் பண்றே" என்றாள்.

"இல்லையே மதினி!"

"பண்றே. அந்தப் பாவாடை புத்தகத்துல இல்லை. ஏன்னா அதச் சொல்றப்ப நீ பக்கத்தைப் பாக்கல." அவள் கோபப்படவில்லை. "கடைசிப் புத்தகத்தை நானே படிச்சுக்கிறேன். எனக்கு மலையாளம் எழுத்துச் சொல்லிக் குடு."

ஒப்பந்தம்

அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் அவளுக்கு மலையாள எழுத்து. அவள் எனக்குத் தமிழ் எழுத்து. சிலேட்டு பலகை எதுவும் இல்லை, சாம்பிள் பொட்டலத்துத் தாளைப் பிரித்து நீவி அதன் உள்பக்கம் எழுதுவோம். பென்சிலை அழுத்தினால் தாளில் ஒட்டியிருக்கும் தவிட்டுத் தூசி விரலில் வரும்.

மதினிக்குப் பெரிய சண்டையே 'க'வோடுதான். "ஒரு க போதும்னுதானே நாங்கல்லாம் இருக்கோம். உங்காளுகளுக்கு எதுக்குடி நாலு க?" என்பாள். நாலையும் வரிசையாக எழுதச் சொன்னால், மூன்றாவதிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். இருந்தாலும் விடவில்லை. ஒரு வருஷம், தினம் அரைமணி நேரம். கிட்டங்கிச் சுவரில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள்.

நாலாம் பாகத்தில் இவ்ராவும் அதையே செய்தாள். மணிகளின் மேலிருந்த பழைய எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். இது நான் சேர்த்தது இல்லை, சத்தியமாகப் புத்தகத்திலேயே இருந்தது. அதைச் சொன்னபோது மதினி அடுப்பை அணைத்துவிட்டாள். "இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். சாம்பிள் சோறு அன்றைக்கு அரைவேக்காடாகப் போனது, அத்தா கத்தினார்.

"அவ படிச்சிருவா பாரு. படிச்சதும் அவள யாரும் பிடிச்சு வைக்க முடியாது" என்றாள்.

தன் பங்கை மதினி ஒழுங்காக முடித்தாள். ஒரே வருஷத்தில் நான் தமிழ் வாசித்தேன், இரண்டாம் வருஷம் எழுதினேன். இன்றைக்கு ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பெரிய எழுத்தாளி மாதிரி நான் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், அது முழுக்க அந்தப் பின்கட்டில் அவள் கொடுத்தது. ஒவ்வொரு இதழையும் முதலில் படிப்பதும் அவள்தான். பிழை இருந்தால் பேனாவால் சுழித்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள்.

என் பங்குதான் பாதியில் நின்றது. ஐந்தாம் பாகம் மலையாளத்தில் வருவதற்குள் நாலு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் எனக்குப் பரீட்சை வந்தது, டியூஷன் வந்தது, அப்புறம் களமசேரி வந்தது. "நாளைக்கு மதினி, நாளைக்கு" என்று தள்ளிக்கொண்டே போனேன். அவளுக்குக் கூட்டெழுத்துதான் பாக்கி. மலையாளத்தில் அதுதான் கஷ்டம், தனியாக யாராலும் கற்க முடியாது. எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது கிளாஸ்

இனி அந்த முன்னறைக்கு வருகிறேன். தள்ளிப்போட இனி வேறு கதை இல்லை.

"செத்துட்டா" என்று நான் சொன்னதும் மதினி என்னையே பார்த்தாள். நான் பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேனா என்று பார்த்தாளோ என்னவோ, என் கையில் புத்தகம் இல்லை. "எந்தாடி, ஆரு மரிச்சது?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். "ஒன்னுமில்லடி, வீட்டுக்காரியம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தேன். மதினிக்கு அந்த அளவுக்கு மலையாளம் நன்றாகப் புரியும்.

கிளாஸ்களை எடுத்து எடுத்து நீட்டினாள். நாலு தோழிகளுக்கு நாலு, எனக்கு ஒன்று. மிச்சம் ஒன்று டிரேயில் இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஆறாவது கிளாஸ் அவளுக்கு. எங்களோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசலாம் என்று போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். இது எனக்கு உறைக்க எத்தனை வருஷம் ஆனது என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

தோழிகளைப் படகு ஏற்றிவிட்டு வந்தேன். மதினி பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"சாகுறப்போ அவ பக்கத்துல யாராச்சும் இருந்தாகளா?" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சும்மா சொன்னேன் மதினி, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாங்க படிக்கலாம் என்று. ஒரு நிமிஷ வேலை. ஆனால் தோழிகள் முன்னால் பட்ட அவமானம் இன்னும் எனக்கு ஆறவில்லை. எல்லாம் அவளால்தான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

"தெரியாது. அதெல்லாம் எழுதல" என்றேன்.

"எழுத்தெல்லாம் படிச்சாளே" என்றாள், எனக்கல்ல, தனக்கே சொல்வது மாதிரி. "படிச்சு என்ன ஆச்சு அவளுக்கு."

அப்புறம் அவள் ஆழிக்கோட்டை பற்றிப் பேசவில்லை. எழுத்துச் சொல்லிக் கொடு என்றும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. என்ன ஜென்மம் நான்!

தனியா டப்பா

பொய் சொன்னால் ஒரு சௌகரியம், நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் ரொம்ப நாளாகிவிட்டதே, இப்போது போய்ச் சொன்னால் அசிங்கம் என்று தோன்றியது. அப்புறம் அவளே மறந்திருப்பாள் என்று தோன்றியது. நிஹா பிறந்தாள், அத்தா போனார், அம்மா போனாள். எனக்கு எர்ணாகுளத்தில் வேலையும் வீடும் ஆனது. ஞாயிற்றுக்கிழமை படகு ஏறி வந்து, மதினி கையால் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு தையல் கூடம் ஆரம்பிக்கிறார்களாம், மதினி தலைமைப் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சரியான ஆளைத்தான் தேடி வந்திருந்தார்கள். தையலும் தெரியும், பத்துப் பேரை வைத்து வேலை வாங்கவும் தெரியும். இப்போது மலையாளம் கொச்சிக்காரி மாதிரியே பேசுவாள்.

"கூட்டம் நடந்தா மலையாளத்துல எழுதி வைக்கணுமே. எனக்கு எழுத்தறியாது, சேச்சி" என்றாள் மதினி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வேறொருத்தி பொறுப்பு எடுத்துக்கொண்டாள். மதினி அங்கே பட்டன் தைக்கப் போனாள்.

அவர்கள் போனதும், மீன் குழம்புக்குத் தனியா எடுத்துக் கொடு என்றாள். டப்பாவைத் தூக்கினேன். அடியில் அலமாரியில் பழுப்புத் தாள் விரித்திருந்தது. எண்ணெய் ஊறி, ஓரமெல்லாம் கறுத்து. அதில் பென்சிலில் நாலு 'க'. மூன்றாவது கொஞ்சம் கோணல்.

நான் டப்பாவை அதன்மேலேயே வைத்துவிட்டேன். தனியாவைக் கொடுத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பெருநாள் சாப்பாடு

திறந்தது நிஹா. அண்ணன் மகள், எனக்கு மருமகள், இப்போது பதின்மூன்று வயசு. போன பெருநாளன்று மத்தியானம் எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தோம். நிஹா தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். போன் முகப்பில், கையில் விளக்கோடு ஒரு பெண் படம்.

"யாருடி இது?" என்று மதினி கேட்டாள்.

"இவ்ரா, உம்மா. ஆழிக்கோட்டைல வருவா. எனக்கு அவளெத்தான் ரொம்ப இஷ்டம்." நிஹாவின் தமிழ் இப்படித்தான் இருக்கும்.

நான் தட்டில் குனிந்து எலும்பை ஒதுக்க ஆரம்பித்தேன்.

மதினி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவதானா" என்றாள். "பாவம், சாகுற வயசா இது."

"யார் சொன்னது? இவ்ரா சாவல்லையே!" நிஹாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவதான் கடைசில எல்லா மணியெழுத்தும் வாயிக்கிறது. அவ வாயிச்சிட்டுதான் எல்லாரும் பிழைச்சது. நீங்க வேற எதோ புக்கு சொல்றீங்க உம்மா."

மதினி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அப்புறம் நிஹா பக்கம் திரும்பி, "ஆமாமா, எனக்குத்தான் மறந்துபோச்சு. வேற கதை அது" என்றாள். என் தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தாள். பிள்ளை முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தோழிகள் முன்னால் நான் அவளுக்குச் செய்யாததை, பதினாறு வருஷம் கழித்து அவள் எனக்குச் செய்தாள்.

பின்கட்டில் ஏனம் கழுவும்போது நானே ஆரம்பித்தேன். "மதினி, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"அது தெரிஞ்சுபோச்சே. ஏன்டி?"

"அவங்க சிரிச்சாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாளுக. கேட்டது நான்தானே?"

எனக்கு அழுகை வந்தது. மதினி பிரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஷமி, நான் அவளுக்கு யாசீன் ஓதினேன்டி."

"என்ன?"

"மூணு நாள். யாருக்கும் தெரியாம, அம்மா தூங்குறப்ப. கதைல வர்ற புள்ளைக்கு ஓதலாமா, பாவமான்னு பயந்துக்கிட்டே ஓதினேன். பக்கத்துல யாராச்சும் இருந்தாகளான்னே எழுதலைன்னு நீ சொன்னேல்ல, மனசு கேக்கல." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உசுரோட இருக்குற புள்ளைக்கு, செத்த மையத்துக்கு ஓதுற யாசீனை ஓத வச்சுட்டியேடி, பாவி!"

சிரித்துச் சிரித்து, சோப்புக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவள் சிரிப்பது எப்போதோ நின்றிருந்தது.

"முழுசாப் படிச்சாளா அவ? அந்த எழுத்தெல்லாம்?"

"முழுசாப் படிச்சா மதினி. நூறு மணியும்."

"ம்" என்றாள். "நான்தான் பாதியில விட்டுட்டேன்."

நான் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப ஆரம்பிப்போம். ஞாயிறு ஞாயிறு வர்றேன்ல? கூட்டெழுத்துதானே பாக்கி. ஐந்தாம் பாகத்தை வாங்கிட்டு வர்றேன், நானே உட்கார்ந்து..."

மதினி கையை மெதுவாக உருவிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, அரிசியைப் பார்த்து அத்தாவிடம் சொல்வாளே, அதே குரல்தான்.

"வேணாம் ஷமி. நிஹாட்ட கேட்டுக்கிறேன். அவ கலப்படம் பண்ண மாட்டா."

முன்னறையில்

ஆனாலும் மனசு கேட்காமல் எர்ணாகுளம் பிராட்வேயில் தேடி ஐந்தாம் பாகத்தை வாங்கினேன். போன ஞாயிறு படகு ஏறி வந்தேன். வாசலிலேயே நிஹாவின் குரல் கேட்டது. ஒரு வரி மலையாளம், அப்புறம் தட்டுத் தடுமாறித் தமிழ். பின்கட்டுக்குப் போனேன். அவள் வாசகசாலைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மதினி பச்சைப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நானும் ஒரு பலகையை இழுத்துப் போட்டேன்.

"நீ போய் முன்னறையில உக்காருடி. இங்க இருந்தா நடுவுல வாய வப்பே. சாயா போட்டதும் கூப்பிடுறேன்" என்றாள் மதினி. சிரித்த முகம்தான்.

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன். நாற்காலிகள் மாறிவிட்டன. அண்ணன் பேப்பரில் இருந்தார். நான் வாங்கி வந்த புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

நிஹா படித்தாள். இவ்ரா மணிமேடைக்கு முதன்முதலாக வரும் இடம்.

"அங்கிட்டு சோறு யாரு வடிப்பா?" என்று மதினி கேட்பது கேட்டது.

பக்கங்களைப் புரட்டும் சத்தம். "அறியில்ல உம்மா. அது புக்குல இல்ல."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. அதான் சரி. மேல படி."

கப்பையும் மீனும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணனின் பேப்பரில் ஒரு தாளை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன்.